திருகோணமலை மட்டும் ஏன் இரண்டாகிறது? (லினக்ஸ், மேக், தமிழ்க் கோப்புப் பெயர்கள்)

#1 உட்துறைமுகம்

இரண்டு கிழமையாக மண்டையைக் குடையும் ஒரு சிக்கல். போனிலிருந்து எழுதுகிறேன், கட்டளைகளின் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே போட்டுவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வாசிகசாலைக்காகப் பழைய போட்டோ, கலியாணக் கார்டு, கோவில் நோட்டீஸ், காணிக் கடிதம் என்று ஊர் ஊராக வாங்கி ஸ்கேன் பண்ணி வைக்கிறோம். ஸ்கேனர் ஒரு கிழட்டு மேக் மடிக்கணனியில் ஓடுகிறது. கனடாவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது, வந்த நாளிலிருந்து ஒரு தரமும் புதுப்பித்ததில்லை. இரவு 11 மணிக்கு அதிலிருந்து மூலையில் இருக்கும் லினக்ஸ் பெட்டிக்கு ஆர்சிங்க் மூலம் எல்லாம் நகலாகும். கோப்புறைகள் ஊர்ப் பெயரில் இருக்கின்றன: திருகோணமலை, மூதூர், கிண்ணியா, நிலாவெளி, தோப்பூர், கொட்டியாரம், தம்பலகாமம், குச்சவெளி.

லினக்ஸில் எல்எஸ் (கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை) அடித்தால் திருகோணமலை இரண்டு. தோப்பூர் இரண்டு. கொட்டியாரம் இரண்டு. மற்ற ஐந்தும் ஒவ்வொன்றுதான். கண்ணாடி போட்டும் பார்த்துவிட்டேன், எழுத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை, பின்னால் இடைவெளியும் இல்லை. திருகோணமலை ஒன்றில் 412 கோப்பு, மற்றதில் 37. மேக்கில் போய்ப் பார்த்தால் ஒன்றே ஒன்று.

இதைவிட விசித்திரம்: டெர்மினலில் பெயரை நானே ரைப் பண்ணி உள்ளே போனால் 37 உள்ளதற்குள் மட்டும்தான் போகிறது. 412 உள்ளதற்குள் போக, எல்எஸ் காட்டிய பெயரைப் பிரதி எடுத்து ஒட்டவேண்டியிருக்கிறது. 'திரு' என்று அடித்து டாப் விசையை அழுத்தினால் 'திருக' வரை வந்து நின்று முழிக்கிறது. இது பேஷ் ஷெல்லின் (நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓடவிடும் நிரலின்) வழுவா, இல்லை என் கைராசியா?

#2 கன்னியா_வெந்நீர்

ஏழு கிணறும் ஒரே இடத்தில் இருந்தும் ஏழு சூட்டில் தண்ணீர் தருகிற ஊர் ஐயா இது. ஒரு கோப்புறை இரண்டாவது பெரிய அதிசயமா?

பகிடி விடுங்கள். பெயரை ஆங்கிலத்தில் வைத்தால் ஒரு தொல்லையும் இல்லை. நான் 15 வருடமாக அப்படித்தான்.

#3 பாலையூற்று

ஆர்சிங்க் கட்டளையில் டிலீட் விருப்பத்தைச் சேர்த்து ஓடவிடுங்கள். மூலத்தில் இல்லாத எதையும் அங்கே அழித்துவிடும். மேக்கில் ஒன்றுதானே இருக்கிறது, அப்போ லினக்ஸிலும் ஒன்றாகிவிடும். இரண்டு நிமிட வேலை.

#4 உவர்மலை

தம்பி உட்துறைமுகம், மேலே சொன்னதைச் செய்துவிடாதீர்கள்! அந்த 37 கோப்பும் யார் எங்கே வைத்தது என்று தெரியாமல் டிலீட் போட்டால் நேராகக் குப்பைக்குப் போகும். முதலில் இரண்டு பெயரையும் ஒவ்வொன்றாக ஒட்டி எத்தனை பைட் என்று எண்ணுங்கள். எக்கோவுக்கு என் விருப்பம் கொடுத்து, டபிள்யூசி-க்கு சி விருப்பம் கொடுத்தால் போதும்.

#5 உட்துறைமுகம்

அக்கா, உங்கள் பதிலை இப்போதுதான் பார்த்தேன். நேற்றிரவே டிலீட் போட்டு ஓடவிட்டுவிட்டேன்.

உண்மையில் ஒன்றாகிவிட்டது. ஐந்து நிமிடம் சந்தோசமாக இருந்தேன். அப்புறம் மருமகள் வந்து "மாமா, நான் போன மாதம் ஸ்கேன் பண்ணினது எங்கே?" என்று கேட்டாள். மேக்கில் இடமில்லை என்று அவள் லினக்ஸ் பெட்டியிலேயே ஸ்கேனரைக் கொழுவி, அங்கேயே கோப்புறையும் திறந்து சேமித்திருக்கிறாள். அந்த 37 அதுதான். தோப்பூரில் 5, கொட்டியாரத்தில் 9. எல்லாம் போய்விட்டது.

அசல் கடதாசிகளில் அநேகமானவை இன்னும் அலுமாரியில் இருக்கின்றன, அந்த மட்டில் தப்பினேன். தோப்பூர்க்காரரின் ஐந்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் தாண்டி, கையில் ஒரு பை தோடம்பழத்தோடு அவரிடம் போய் நிற்கவேண்டும்.

#6 பாலையூற்று

மன்னிக்கவேண்டும் சகோதரம். நான் அப்படி நினைக்கவில்லை. பஸ் காசு நான் தருகிறேன்.

#7 உவர்மலை

நடந்தது நடந்துவிட்டது. சிக்கல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, மருமகள் நாளைக்குத் திரும்ப ஒரு கோப்புறை திறந்தால் இதே கதை. பைட்டை எண்ணிச் சொல்லுங்கள்: மேக்கிலிருந்து வந்த பெயர் ஒன்று, லினக்ஸில் நீங்களே ரைப் பண்ணிய பெயர் ஒன்று.

#8 உட்துறைமுகம்

ரைப் பண்ணியது 30. மேக்கிலிருந்து வந்தது 33. மூதூருக்கு இரண்டிலும் 18.

#9 உவர்மலை

நினைத்தது சரி. இனி வடிவாக விளக்குகிறேன். கொஞ்சம் நீளும், தேநீரோடு வாசியுங்கள்.

யுனிகோடில் 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். முதல் விதம்: 'க', அதன்பின் ஓகாரக் குறி என்ற ஒற்றைக் குறியீடு. இரண்டாவது விதம்: 'க', அதன்பின் ஏகாரத்தின் இரட்டைச் சுழிக் கொம்பு, அதன்பின் தனியாக ஒரு கால். கையால் எழுதும்போது நாம் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் போடுகிறோமே, ஏறத்தாழ அந்தக் கணக்கு. இரண்டும் ஒரே எழுத்துத்தான் என்று யுனிகோடே சொல்கிறது, திரையிலும் ஒரே மாதிரித் தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் பைட் வேறு. யுடிஎஃப்-8இல் (யுனிகோடைப் பைட்டாக எழுதும் முறையில்) தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். திருகோணமலையை முதல் விதத்தில் எழுதினால் 10 குறியீடு, 30 பைட். இரண்டாவது விதத்தில் 11 குறியீடு, 33 பைட்.

ஒகரம், ஓகாரம், ஔகாரம் என்ற மூன்று உயிர்க்குறிகளுக்கும், தனி எழுத்தாக வரும் 'ஔ'வுக்கும் மட்டும்தான் தமிழில் இந்த இரட்டைப் பிறவி. அதனால்தான் திருகோணமலை, தோப்பூர், கொட்டியாரம் மூன்றும் மாட்டிக்கொண்டன. மூதூர், கிண்ணியா, நிலாவெளியில் அந்தக் குறிகளே இல்லை. நிலாவெளியின் 'வெ' வெறும் கொம்பு, காலில்லை, எனவே பிரிக்க ஒன்றுமில்லை.

அடுத்தது, யார் பிரித்தது? உங்கள் மேக்தான். அதன் பழைய கோப்பு முறைமை எச்எஃப்எஸ் பிளஸ். எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பிரித்துத்தான் வட்டில் எழுதும். திரும்ப நீங்கள் சேர்ந்த வடிவத்தில் கேட்டாலும் அதுவே பிரித்துத் தேடித் தந்துவிடும், ஆகவே மேக்குக்குள் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்கிறது, தேடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது. புதுப்பிக்காத மடிக்கணனி என்றீர்கள், அதில் பழையதுதான் இருக்கும்.

லினக்ஸுக்கு இந்த அக்கறை எதுவும் இல்லை. அதன் பார்வையில் கோப்பின் பெயர் ஒரு பைட் வரிசை. சாய்கோடும் மதிப்புச் சுழியமான பைட்டும் வரக்கூடாது, மற்றபடி என்ன வந்தாலும் அதற்குச் சம்மதம். 30 பைட் ஒரு பெயர், 33 பைட் வேறொரு பெயர். டாப் விசை 'திருக'வில் நின்றதும் இதனால்தான், இரண்டு பெயரும் பிரிகிற சந்தி அதுதான். உங்கள் விசைப்பலகை சேர்ந்த வடிவத்தைத் தருகிறது, அதனால் நீங்கள் அடிக்கும்போதெல்லாம் மருமகளின் கோப்புறைக்குள்தான் போனீர்கள்.

ஆகவே பேஷைத் திட்டவேண்டாம். அது தன் கைக்கு வந்ததை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தது.

#10 கன்னியா_வெந்நீர்

ஒரு நிமிடம். 'கோப்பு' என்ற சொல்லிலேயே இந்த வியாதி இருக்கிறதே! 'கோப்புறை'யிலும்! மொழிபெயர்த்த மகான் யாரோ, வேறு சொல்லே கிடைக்கவில்லையா?

#11 சீனக்குடா

உவர்மலை அக்கா சொன்னதில் ஒரு பங்கை ஏற்கிறேன், ஷெல்லை முழுக்க விடுதலை பண்ணியதை மட்டும் ஏற்கமாட்டேன். இந்தக் கேஸில் அது நிரபராதி. பொதுவில் அப்படி இல்லை.

டெபியனிலும் உபுண்டுவிலும் ஸ்கிரிப்டின் முதல் வரியில் 'எஸ்எச்' என்று போட்டால் ஓடுவது பேஷ் இல்லை, டாஷ் என்ற இன்னொரு ஷெல். உபுண்டு 2006இலேயே மாறிவிட்டது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். யுடிஎஃப்-8 சூழலில் பேஷ் 5 என்கும், அது குறியீட்டை எண்ணுகிறது. டாஷ் 15 என்கும், அது பைட்டை எண்ணுகிறது. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த 3ஐச் சொல்ல இரண்டுக்கும் தெரியாது. ஓரெழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறி போட்டுத் தேடுவோமே, அங்கேயும் இதே கூத்து. பேஷில் 'கோ'வுக்கு இரண்டு கேள்விக்குறி வேண்டும், பிரிந்த 'கோ'வுக்கு மூன்று.

டாஷின் வயிற்றுக்குள் இன்னொரு சமாச்சாரம். 129 முதல் 136 வரையான பைட் மதிப்புகளை அது தன் சொந்த அடையாளக் குறிகளாக உள்ளே பயன்படுத்துகிறது. நம் உகரக் குறியின் கடைசி பைட் 129, ஊகாரக் குறியின் கடைசி பைட் 130. அவை பெயரில் வரும்போதெல்லாம் 'இது என்னுடையதில்லை, ஆள் எழுதியது' என்று டாஷ் தனியாகக் குறித்துக்கொள்ளவேண்டும். நிரலில் எங்காவது ஓரிடத்தில் குறிக்க மறந்தால் வழு. அப்படிப்பட்ட வழுக்கள் வந்து திருத்தப்பட்டிருக்கின்றன. ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கு வாழ்நாளில் கண்ணில் படாது, 'மூதூர்' என்று எழுதுகிற நமக்கு முதல் நாளே படும்.

ஷெல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களையும் விடக்கூடாது. எழுத்துகளை மாற்றவும் நீக்கவும் உதவும் க்னூவின் டிஆர் கட்டளை இன்றுவரை பைட் கணக்குத்தான். ஒரு பெயரில் 'ம' மட்டும் வேண்டாம் என்று டிஆர்-க்கு டி விருப்பம் கொடுத்துப் பாருங்கள். 'ம'வின் மூன்று பைட்டில் முதல் இரண்டும் தமிழின் அநேக எழுத்துகளுக்குப் பொது. ஒரு எழுத்தை எடுக்கப் போய் முழுச் சொல்லும் பொடிப்பொடியாகும். பெயரைத் திருத்த வேண்டுமென்றால் தேடி மாற்றும் செட் கட்டளைக்குப் போங்கள், அதுவும் சூழல் யுடிஎஃப்-8ஆக இருக்கும்போது.

#12 மடத்தடி_அச்சகம்

நீங்கள் எல்லாம் யுனிகோடில் அழுகிறீர்கள். எங்களிடம் 20 வருட பாமினி இருக்கிறது.

தெரியாத இளசுகளுக்கு: பாமினி ஓர் எழுத்துரு, உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்று தெரிவது உண்மையில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. ஆக, பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி என்பது அரைப்புள்ளி. எங்கள் பெடியள் தலைப்பை வேர்டிலிருந்து வெட்டி அப்படியே கோப்புக்குப் பெயராக ஒட்டிவிடுவார்கள். விண்டோஸ் அதற்கு ஒன்றும் சொல்லாது.

இந்த வட்டை லினக்ஸில் கொழுவினேன். ஷெல்லுக்கு அரைப்புள்ளி என்றால் 'கட்டளை முடிந்தது, அடுத்ததைத் தொடங்கு'. 'கோணேஸ்வரம்' என்ற பெயரில் இரண்டு புள்ளி. அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் போடாமல் நகல் எடுக்கச் சொன்னால், முதல் புள்ளியோடு ஒரு கட்டளை முடியும், மிச்சத்தைப் புதுக் கட்டளை என்று நினைத்து ஓடப் பார்க்கும். நல்ல காலம், 'வரம' என்று லினக்ஸில் கட்டளை எதுவும் இல்லை. 'திருகோணமலை'யில் புள்ளியே கிடையாது, அது மட்டும் ஒழுங்காக நகலானது. உங்களுக்கு மாட்டியது எனக்குத் தப்பியது!

இன்னொன்று கேளுங்கள். பாமினியில் சிறிய ஜி 'ப', பெரிய ஜி 'பு'. விண்டோஸுக்குப் பெயரில் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் ஒன்று. ஆகவே 'பல்' என்று ஒரு கோப்பும் 'புல்' என்று ஒரு கோப்பும் ஒரே கோப்புறையில் வைக்க முடியாது. பல் வைத்தியரின் துண்டுப்பிரசுரத்தின் மேல் புல் வெட்டும் இயந்திரத்தின் விளம்பரம் ஏறி உட்கார்ந்த நாளில்தான் இதைக் கண்டுபிடித்தேன். 'மாற்றவா?' என்று கணனி கேட்டதாம், பெடியன் 'ஓம்' என்றானாம்.

#13 உட்துறைமுகம்

அண்ணை, சிரித்துச் சிரித்துத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

#14 கிண்ணியா_பாலத்தடி

விண்டோஸ் என்றதும் எனக்குப் பழைய காயம் ஒன்று ஞாபகம் வருகிறது. அப்போது ஒரு கணனிக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. 'தமிழ்' என்று பெயரிட்ட பழைய உரைக்கோப்பு ஒவ்வொரு கணனியிலும் கிடந்தது, அழிக்கவேண்டும். நோட்பேடில் ஒரு பேட்ச் கோப்பு எழுதிச் சேமித்தேன். சில எழுத்துகள் தொலைந்துவிடும் என்று நோட்பேட் எச்சரித்தது. நானும் ஓகே என்று அழுத்தினேன், எச்சரிக்கையை யார் வாசிக்கிறது.

தமிழுக்கென்று நோட்பேட் சேமிக்கக்கூடிய பழைய பாணிக் குறிப்பக்கம் (எழுத்துக்கு எண் தரும் அட்டவணை) எதுவும் விண்டோஸில் இல்லை, யுனிகோட் மட்டும்தான். அதனால் பழைய முறையில் சேமித்தபோது ஐந்து குறியீடும் ஐந்து கேள்விக்குறியாகிவிட்டன. அழிக்கும் கட்டளைக்குக் கேள்விக்குறி என்றால் 'எந்த எழுத்தானாலும் சரி'. பெயரின் கடைசியில் நிற்கும் கேள்விக்குறிக்கு எழுத்தே இல்லாவிட்டாலும் சரி. பெயரில் ஐந்தோ அதற்குக் குறைவோ எழுத்துள்ள எல்லா உரைக்கோப்பும் போய்ச் சேர்ந்தன, பிள்ளைகளின் பயிற்சி முழுக்க. கோப்புப் பெயருக்கு நீளம் போதாது என்று அன்றைக்குத்தான் ஒரு மனிதன் கவலைப்பட்டிருப்பான்.

இப்போது நிலைமை பரவாயில்லை. 2019இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேட் தானாகவே யுடிஎஃப்-8இல் சேமிக்கிறது. ஆனால் பேட்ச் கோப்பின் தொடக்கத்தில் சிஎச்சிபி 65001 என்று போடாவிட்டால் கட்டளைச் சாளரம் அதைப் பழைய குறிப்பக்கத்தில் வாசித்துப் புழுப்புழுவாகக் காட்டும். பைட் வரிசைக் குறியோடு (கோப்பின் தலையில் ஒட்டும் கண்ணுக்குத் தெரியாத குறியோடு) சேமித்தாலோ, முதல் வரியே 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று விழும்.

#15 உட்துறைமுகம்

என் சிக்கலுக்கு மருந்து கேட்க முன் இன்னுமொரு கேள்வி. லினக்ஸ் பெட்டியில் விடியப்புறம் 2 மணிக்கு க்ரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் நிரல்) ஒரு ஸ்கிரிப்டை ஓடவிட்டுக் கோப்புப் பட்டியல் எழுதி வைக்கும். அதே ஸ்கிரிப்டை நான் கையால் ஓடவிட்டால் பட்டியல் தமிழில் வருகிறது. க்ரான் ஓடவிட்டால் 340 256 244 340 256 277 என்று சாய்கோடும் எண்ணுமாக வருகிறது. வட்டு பழுதாகிறதோ என்று பயந்தேன்.

#16 உவர்மலை

வட்டு நலம். 340 256 244 என்பது 'த', 340 256 277 என்பது இகரக் குறி, எல்லாம் எட்டடிமான எண்ணில். கோப்பின் பெயரில் ஒரு கீறலும் இல்லை, காட்டுகிற எல்எஸ்-க்குத்தான் தமிழ் அச்சிடலாம் என்று தெரியவில்லை.

நீங்கள் உள்நுழையும்போது லாங் என்ற சூழல் மாறியில் யுடிஎஃப்-8 என்று எழுதப்பட்டிருக்கும். பல அமைப்புகளில் க்ரான் வெறுங்கையோடு ஓடும், லாங் காலியாக இருக்கும், எல்லாம் 'சி' என்ற பழைய சூழலுக்குப் போய்விடும். அங்கே 127க்கு மேல் எந்த பைட்டும் அந்நியன். ஸ்கிரிப்டின் தலைப்பில் எல்சி_ஆல் மாறிக்குச் சி.யுடிஎஃப்-8 என்று கொடுத்து ஏற்றுமதி பண்ணுங்கள், தீர்ந்தது. கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) தமிழ்ப் பெயருக்குப் பதிலாகக் காட்டும் எண்களும் இதே குடும்பம்தான். ஆனால் அங்கே மருந்து வேறு, கோர்.கோட்பாத் அமைப்பைப் பொய் என்று வைக்கவேண்டும்.

#17 சீனக்குடா

இதோடு ஒட்டி ஒன்று. பட்டியலை வரி வரியாகப் பிரிக்க யாராவது பைத்தான் எழுதியிருந்தால், கோப்பை லத்தீன்-1 (எழுத்துக்கு ஒரு பைட் என்ற பழைய குறியாக்கம்) என்று திறந்திருக்கிறார்களா என்று பாருங்கள். 'பிழைச்செய்தி வராமல் இருக்கட்டும்' என்று பலர் அப்படித் திறப்பார்கள். 'அ'வின் கடைசி பைட் 133. லத்தீன்-1இல் 133 என்றால் 'அடுத்த வரி'. பைத்தானின் ஸ்பிளிட்லைன்ஸ் அதையும் வரி முடிவாக எடுத்துக்கொள்ளும். அலஸ்தோட்டம், அன்புவழிபுரம், அம்பாள் எல்லாம் முதல் எழுத்திலேயே முறியும். ஆலங்கேணிக்கு ஒன்றும் ஆகாது, 'ஆ'வின் கடைசி பைட் 134. எனக்கு இரண்டு நாள் தின்றது அந்த 'அ'.

#18 உட்துறைமுகம்

லாங் விஷயம் சரிவந்துவிட்டது, நன்றி. தோப்பூரும் போய் வந்தேன். ஐயா கோவிக்கவில்லை, ஐந்தையும் திரும்பத் தந்தார், தோடம்பழத்தையும் பாதி திருப்பித் தந்தார்.

இனி மருந்து சொல்லுங்கள். டிலீட் என்ற சொல்லை மட்டும் யாரும் எடுக்கவேண்டாம்.

#19 பாலையூற்று

நான் வாயே திறக்கவில்லை.

#20 உவர்மலை

இரண்டு வேலை. முதலாவது, லினக்ஸில் ஏற்கனவே இருப்பதைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றுவது. அதற்குக் கான்வ்எம்வி என்று ஒரு கருவி இருக்கிறது. யுடிஎஃப்-8இலிருந்து யுடிஎஃப்-8க்கு, என்எஃப்சி (சேர்ந்த வடிவம்) விருப்பத்தோடு, உட்கோப்புறைகளுக்குள்ளும் போகும்படி கொடுங்கள். அது சாதாரணமாக ஓடும்போது எதையும் தொடாது, என்ன செய்யும் என்று மட்டும் சொல்லும். அந்தப் பட்டியலை முழுக்க வாசியுங்கள். திருப்தி என்றால் நோடெஸ்ட் விருப்பத்தைச் சேர்த்துத் திரும்ப ஓடவிடுங்கள். சேர்ந்த வடிவத்தில் ஏற்கனவே ஒரு கோப்புறை இருந்தால் அதன்மேல் ஏற மறுக்கும். அங்கே நீங்கள்தான் கையால் ஒன்றை மற்றதுக்குள் நகர்த்தவேண்டும். இந்த மறுப்பு எனக்குப் பிடித்த குணம்.

இரண்டாவது, இனிமேல் பிரிந்து வராமல் பார்ப்பது. ஆர்சிங்குக்கு ஐகான்வ் என்ற விருப்பம் உண்டு. மேக்கிலிருந்து அனுப்பும்போது அதற்கு யுடிஎஃப்-8-மேக், யுடிஎஃப்-8 என்று இரண்டையும் இந்த ஒழுங்கில் கொடுத்தால் வழியிலேயே சேர்த்து அனுப்பும். உங்களுடையது போன்ற பழைய மேக்கோடு வந்த ஆர்சிங்க் 2.6.9, அதில் இந்த விருப்பமே கிடையாது, 3.0இல்தான் வந்தது. ஹோம்ப்ரூ (மேக்கில் நிரல்களை நிறுவும் கருவி) மூலம் புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்கிரிப்டில் அதன் முழுப் பாதையையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் பழையதே ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் என்னைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பெயர்களை ஸ்கிரிப்டில் கையாளும்போது மாறியை எப்போதும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். எல்எஸ் காட்டுவதை வெட்டி எடுத்துப் பயன்படுத்தவேண்டாம். பெயர்களைச் சுழிய பைட்டால் பிரித்து அனுப்ப, ஃபைண்ட் கட்டளைக்குப் பிரிண்ட்0, எக்ஸ்ஆர்க்ஸுக்கு 0 விருப்பம். யுனிக்ஸ் வகை அமைப்புகளுக்குப் பொதுவான போசிக்ஸ் தரத்தின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை இரண்டும் சேர்ந்துவிட்டன, இனிச் சாட்டு இல்லை.

#21 மடத்தடி_அச்சகம்

கோவில் நோட்டீஸ் என்கிறீர்களே, அதில் 'ஸ்ரீ' இருக்குமே? அதைக் கவனியுங்கள். பத்திரகாளி அம்பாள் கோவில் நோட்டீஸ் எத்தனை விதமாக எங்களிடம் இருக்கிறதென்று எண்ணி முடியாது.

#22 உவர்மலை

சரியாகப் பிடித்தீர்கள். 'ஸ்ரீ'யின் முதல் எழுத்து சாதாரண 'ஸ'வாகவும் இருக்கலாம், யுனிகோடில் 2005இல் சேர்ந்த 'ஶ'வாகவும் இருக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே கூட்டெழுத்தாகத் தெரியும். யுனிகோட் கணக்கில் இவை இரண்டும் வேறு வேறு எழுத்துகள், ஆகவே கான்வ்எம்வி தொடாது. அதற்கு நீங்களே ஒரு வரி செட் எழுதவேண்டும். எந்த 'ஸ்ரீ'யை வைத்துக்கொள்வது என்று முதலில் வீட்டுக்குள் முடிவெடுங்கள்.

#23 சீனக்குடா

செட் எழுதும் உற்சாகத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளையெல்லாம் துடைத்துவிடவேண்டாம். எங்கள் வேலையிடத்தில் ஒருவர் அப்படித் துடைத்தார். சிங்களத்தில் 'ஸ்ரீ' எழுத அகலமில்லாத இணைப்பான் என்ற ஒரு குறி நடுவில் இருந்தே ஆகவேண்டும். அது போனதும் நாட்டின் பெயரே உடைந்து நின்றது. தமிழுக்குக் குப்பையாக இருப்பது பக்கத்து மேசைக்கு உயிர்.

#24 உட்துறைமுகம்

முடிவு சொல்ல வந்தேன். கான்வ்எம்வி ஓடியது. திருகோணமலை ஒன்று. கொட்டியாரம் ஒன்று. ஐகான்வ் போட்டு மூன்று இரவு பார்த்துவிட்டேன், புதிதாக ஒன்றும் முளைக்கவில்லை.

நடுவில் ஒரு சின்னத் தடக்கல். மருமகள் கும்பாபிஷேக நோட்டீஸின் தலைப்பை முழுசாகக் கோப்புக்குப் பெயராக வைத்திருந்தாள், 'பெயர் நீளம்' என்று லினக்ஸ் ஏற்கவில்லை. 255 பைட்தானாம், தமிழில் 85 குறியீடு. மேக் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பட்டங்களையெல்லாம் வெட்டிக் கோவிலின் பெயரை மட்டும் விட்டோம்.

ஆனால் தோப்பூர் இன்னும் இரண்டாக நிற்கிறது. பைட் எண்ணினேன்: ஒன்று 24, மற்றது 27. கணக்குப்படி 27 பிரிந்த வடிவம்தானே? கான்வ்எம்வியோ 'மாற்ற ஒன்றுமில்லை' என்கிறது. நாலு தரம் ஓடவிட்டேன்.

#25 உவர்மலை

அந்த 27 உள்ள பெயரை பைட்டுகளை எண்ணாகக் காட்டும் ஓடி கட்டளைக்குச் சி விருப்பம் கொடுத்துப் பார்த்து, வரும் எண்களை இங்கே போடுங்கள். முதல் ஒன்பது எண் போதும்.

#26 உட்துறைமுகம்

340 256 244 340 257 207 340 256 260

#27 உவர்மலை

முதல் மூன்று 'த'. அடுத்த மூன்று ஏகாரக் கொம்பு. கடைசி மூன்று கால் என்றால் 340 256 276 என்று வந்திருக்கவேண்டும். 260 என்பது 'ர'.

அது 'தோப்பூர்' இல்லை தம்பி, 'தேரப்பூர்'. யாரோ காலுக்குப் பதிலாக 'ர'வை அடித்திருக்கிறார்கள். அதுவும் 27 பைட்தான்.

#28 உட்துறைமுகம்

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். 'தேரப்பூர்'தான். எங்கள் பெரியப்பா கச்சேரியில் (அரச அலுவலகத்தில்) 30 வருடம் தட்டச்சு இயந்திரத்தில் அடித்தவர், கொரோனா நேரம் வந்து இரண்டு மாதம் உதவினார். அவர் திறந்த கோப்புறை அது. உள்ளே போய்ப் பார்க்கிறேன், இன்னும் எத்தனை கால் 'ர'வாக நிற்கிறதோ.

#29 கன்னியா_வெந்நீர்

அதற்கு என்ன கட்டளை அக்கா?

#30 உவர்மலை

அதற்குப் பெரியப்பாவைத்தான் கூப்பிடவேண்டும்.